அப்பாவின் பிள்ளைக்கு ஒரு வண்டி

உலார் அந்தக் குழந்தை வண்டியின் முன் சக்கரத்தை, குதிரையின் முன்னங்காலை மடக்கிப் பிடிப்பது போலத் தூக்கி, அடிப்பக்கத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"பல்லையும் பார்த்துக்கோ தம்பி," என்றாள் கடைக்காரி.

உலாருக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டன. சக்கரத்தைக் கீழே விட்டுவிட்டு இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தான். கோச்கோர் சந்தையில் குழந்தை வண்டிக் கடையைச் சேணக் கடைகளுக்கு நேர் எதிரே வைத்தவன் யாரோ, அவனை மனதுக்குள் திட்டினான். காலையிலிருந்து நான்கு முறை இந்தக் கடைக்கு வந்துவிட்டான். தெரிந்த முகம் எதுவாவது தென்பட்டால் உடனே எதிர்ப்பக்கம் தாவி, சேணம் பார்ப்பது போல நின்றுகொள்வான். அப்படி நின்ற பாவத்துக்கு, தேவையே இல்லாத ஒரு வயிற்றுப்பட்டையும் ஒரு சவுக்கும் வாங்கியாகிவிட்டது.

"அம்மா, இது நிஜமாவே பலமானதா?" என்றான் தாழ்ந்த குரலில்.

"ஏறி உட்கார்ந்து பார்."

"நானா?"

"பின்னே? குழந்தையைக் கொண்டு வந்தியா என்ன?"

ஏறி உட்காரவில்லை. அதற்குப் பதிலாக, பெண்குதிரை உதைப்பது போலப் பக்கவாட்டில் ஓர் உதை விட்டுப் பார்த்தான். வண்டி ஓரடி நகர்ந்து, ஆடிவிட்டு, நிமிர்ந்து நின்றது. உலாருக்குத் திருப்தி.

ஜிபார் சொல்லி அனுப்பியிருந்தது அப்படி. அவன் மனைவி பள்ளிக்கூடத்துப் பாடம் போலப் பட்டியலை மூன்று முறை ஒப்பிக்க வைத்துத்தான் அவனைக் குதிரை ஏற விட்டாள். சக்கரம் மலை அணில் தோண்டும் பொந்தைவிடப் பெரியதாக இருக்கவேண்டும். காற்று அடிக்கிற டயராக இருக்கவேண்டும். சரிவில் விட்டாலும் பிரேக் பிடித்து நிற்கவேண்டும். ஆலங்கட்டி விழுந்தால் கிழியாத மூடி வேண்டும். குதிரைக்குட்டி இடித்தால் கவிழக்கூடாது.

"மேலே ஜைலூ மேய்ச்சலுக்குப் போனா ஒரு நாளைக்கு ஆறு தடவை குதிரைப்பால் கறக்கணும்," என்றிருந்தாள். "இவளை முதுகுல கட்டிக்கிட்டுப் போனா குதிரை மிரளுது. தொட்டில்ல போட்டுட்டுப் போனா இவ மிரளுறா. உருட்டிக்கிட்டே இருந்தாத்தான் தூங்குறா. ரெண்டு மாசமா மாவு மூட்டை வண்டியில வெச்சு உருட்டுறேன், பிள்ளை உடம்பெல்லாம் மாவு. நான் என்ன ரொட்டியா சுடப்போறேன்?"

எல்லாம் நியாயம்தான். ஆனால் உலார் காராபுலாக் ஊரின் கோக்போரு ஆட்டக்காரன். குதிரைமேல் இருந்தபடியே, வெட்டிய ஆட்டின் உடலை ஒரு கையால் தரையிலிருந்து பறித்து, தொடைக்கடியில் அடக்கி, நான்கு குதிரைகள் மோதினாலும் விடாமல் ஓட்டிக்கொண்டு போகிறவன். அப்படிப்பட்டவன் நீலநிறத் துணிக்கூடு வைத்த வண்டியைக் கையால் தள்ளிக்கொண்டு போவதை யாராவது பார்த்துவிட்டால், அடுத்த ஆட்டத்தில் எதிர் அணிக்காரன் மோதவே வேண்டாம், 'தாலாட்டுப் பாடுடா' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

அதைவிடப் பெரிய சங்கடம் இன்னொன்று. முதல் பிள்ளை தாத்தாவின் கணக்கு. பெற்றவன் தன் அப்பா முன்னால் அந்தப் பிள்ளையைத் தூக்குவதோ, கொஞ்சுவதோ, 'என் பிள்ளை' என்று சொல்வதோ அழகில்லை. மீரிம் பிறந்து ஐந்து மாதம் ஆகிறது. அப்பா வீட்டுக்குள் இருக்கும்போது உலார் அவளை நிமிர்ந்துகூடப் பார்த்ததில்லை. யாராவது கேட்டால் 'அப்பாவோட பொண்ணு' என்பான்.

"முப்பது கிலோ ஆட்டைத் தூக்குவீங்க, ஏழு கிலோ பொண்ணைத் தூக்க மாட்டீங்க," என்று ஜிபார் வாரத்துக்கு ஒரு முறையாவது சொல்லிவிடுவாள்.

"யாருக்கு வண்டி?" என்று கேட்டாள் கடைக்காரி.

"அப்பா பிள்ளைக்கு," என்றான் வழக்கம்போல.

"அப்பாவுக்குப் பிள்ளையா? நல்லா இருக்கட்டும்." அவள் தெற்கே ஓஷ் பக்கத்துக்காரி, இந்தப் பக்கத்து வழக்கம் அறியாதவள். குரலுக்குச் சந்தை முழுவதும் போதாது. "பையனா, பொண்ணா?"

"அதெல்லாம் எதுக்கு?"

"இந்தப் பலமான வண்டி நீலத்துல மட்டும்தான் வருது. ரோஸ் கலர் எல்லாம் நகரத்து நடைபாதைக்கு. பொண்ணுன்னா வாங்கிட்டுப் போவே, நாளைக்கு வீட்டுப் பொம்பளைங்க வந்து மாத்திக் கொடுன்னு என் தலையை உருட்டுவாங்க. சொல்லு, பையனா, பொண்ணா?"

அப்போதுதான் பின்னாலிருந்து அந்தக் குரல் கேட்டது.

"உலார்தானே அது?"

சாகின். அதே அணியில் ஆடுகிறவன். ஊரில் வானொலி இல்லாத குறையைத் தீர்ப்பதற்காகவே பிறந்தவன்.

"பையன்," என்றான் உலார் அவசரமாக. "பையன்தான். நீலமே குடுங்க."

"யாருக்குடா வண்டி?" சாகின் அருகில் வந்துவிட்டான்.

உலார் வாயைத் திறப்பதற்குள் கடைக்காரி பதில் சொன்னாள். "இவங்க அப்பாவுக்குப் பையனாம்."

சாகின் வண்டியைப் பார்த்தான். உலாரைப் பார்த்தான். உலாருக்கு இருப்பது பெண் குழந்தை என்பது ஊருக்கே தெரியும். பெயர் சூட்டு விருந்தில் சாகின்தான் அதிகமாகத் தின்றவன்.

"தொக்தோசுன் மாமாவுக்கா?" என்றான் மெதுவாக.

"ம்," என்றான் உலார். பேச்சை எப்படியாவது முடித்தால் போதும் என்றிருந்தது.

"பையனா?"

"ம்."

சாகின் தொப்பியைக் கொஞ்சம் பின்னால் தள்ளினான். "பேரு மட்டும் தொக்தோசுன்," என்றான்.

அப்பாவுக்கு முன்னால் பிறந்த மூன்று குழந்தைகள் தங்கவில்லை என்று, 'நிற்கட்டும்' என்ற பொருளில் வைத்த பெயர் அது. இப்போது அதை ஏன் இழுக்கிறான் என்று உலாருக்குப் புரியவில்லை.

"மாமா எப்படி இருக்காரு?"

"நல்லா இருக்காரு. முன்னைவிடச் சுறுசுறுப்பா இருக்காரு."

"தெரியுது," என்றான் சாகின். உலாரின் தோளை இரண்டு முறை தட்டிவிட்டு, தன் காரை நோக்கி ஏறக்குறைய ஓடினான்.

*

பலமான வண்டி மடங்காது. குதிரையின் பின்புறத்தில் ஏற்றிக் கட்டிப் பார்த்தான். குதிரை திரும்பி அதைப் பார்த்துவிட்டு, வட்டமாகச் சுற்ற ஆரம்பித்தது. பழைய கம்பளம் ஒன்றைப் போர்த்திப் பார்த்தான். இப்போது அது குழந்தை வண்டியாகத் தெரியவில்லை, திருட்டுப் பொருளாகத் தெரிந்தது. சாலைக் காவல்காரன் நிறுத்தி, கம்பளத்தைத் தூக்கச் சொல்லி, பார்த்து, சல்யூட் அடித்து அனுப்பினான். அந்த சல்யூட் உலாருக்கு அறை மாதிரி விழுந்தது.

கடைசியில் கம்பளத்தைச் சுருட்டிச் சேணத்தில் கட்டிவிட்டு, வண்டியைக் கயிற்றில் பிணைத்துப் பின்னால் இழுத்துக்கொண்டே வந்தான். சமதரை வரை சமர்த்தாகத்தான் வந்தது.

காராபுலாக்குக்கு இறங்கும் சரிவில் வண்டி வேகமெடுத்து, முதலில் குதிரைக்குப் பக்கத்தில் வந்தது. குதிரையை ஒரு முறை பார்ப்பது போல நிமிர்ந்தது. பிறகு முந்தியது. கயிறு இறுகி, முடிச்சு நழுவி, நீல வண்டி தனியாக ஊரை நோக்கி ஓடியது. கல்லில் ஏறிக் குதித்தது, ஓடையைத் தாண்டியது, கவிழவே இல்லை. கடைக்காரி பொய் சொல்லவில்லை.

சரிவு முடியும் இடத்தில் கடை. கடை வாசல் பெஞ்சில் ஊர்ப் பெரியவர்கள் நான்கு பேர். பக்கத்தில் அப்பா, குதிரைமேல். காரில் முன்பே வந்து சேர்ந்துவிட்ட சாகினும் அங்கேதான் நின்றிருந்தான்.

வண்டி நேராக அப்பாவிடம்தான் போனது. அப்பா சவுக்குக் கட்டையை நீட்டி அதை நிறுத்தினார்.

மேலே சரிவில் இருந்த உலாருக்கு அங்கே பேசுவது கேட்கவில்லை. சாகின் அப்பாவிடம் கையை நீட்டுவது மட்டும் தெரிந்தது. நல்ல சேதி கொண்டுவருகிறவன் 'சுயுஞ்சு' என்று கை நீட்டினால், கேட்டவர் ஏதாவது கொடுத்துத்தான் ஆகவேண்டும். ஒரு சாக்லேட், ஒரு கைக்குட்டை, மிஞ்சிப்போனால் பத்து சோம் நோட்டு. அப்பா தலையைக் குனிந்துகொண்டார். பிறகு குதிரையிலிருந்து இறங்கி, வீட்டுப் பட்டிக்குள் போய், ஓர் ஆட்டுக்குட்டியை இழுத்துவந்து சாகின் கையில் கொடுத்தார்.

உலார் கீழே வந்து சேர்ந்தபோது, ஆட்டுக்குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு சாகின் போய்க்கொண்டிருந்தான். அப்பா இல்லை. பெரியவர்கள் நான்கு பேரும் திடீரென்று எதிர்மலையின் அழகில் மூழ்கிப்போனார்கள்.

"வண்டிக்கே பொறுமை இல்லை, பாரு," என்றார் ஒருவர் மலையிடம்.

*

சாயங்காலம் அப்பா குதிரைக் கொட்டிலில் உட்கார்ந்து அங்கவடிவாரைத் தைத்துக்கொண்டிருந்தார். உலார் தீவனம் போடுகிற சாக்கில் போய் நின்றான். குழந்தை வண்டி என்பது நகரத்துப் பகட்டு, அப்பாவுக்குப் பிடிக்காது என்று அவனுக்குத் தெரியும். ஆட்டுக்குட்டி விஷயம்தான் புரியவில்லை.

அப்பா நிமிரவே இல்லை. "வண்டி பலமா இருக்கா?" என்றார்.

"இருக்குப்பா."

"பிரேக்?"

"பிடிக்குதுப்பா. இன்னைக்குத்தான் போட மறந்துட்டேன்."

"ம்." இரண்டு தையல் போட்டார். "யாரு சொன்னது உனக்கு?"

"ஜிபார்தான்பா."

ஊசி அப்பாவின் விரலில் ஏறிவிட்டது. "மருமகளா," என்றார். விரலை வாயில் வைத்துக்கொண்டார். "அவ ஒண்ணும் தப்பா நினைக்கலையே?"

"இல்லப்பா. அவதான் ரொம்ப ஆசைப்பட்டா."

அப்பாவின் கழுத்து சிவந்தது. நாற்பத்தெட்டு வயது மனிதர், கோக்போருவில் மூன்று விலா எலும்பு முறிந்தபோதுகூட முகம் மாறாதவர், இப்போது அங்கவடியைப் பார்த்துப் பேசினார். "இன்னும் கொஞ்ச நாள் பொறுத்திருக்கலாம் உலார். ஊர் பார்க்க... வெட்கக்கேடாப் போச்சு."

"மன்னிச்சிருங்கப்பா."

"நீ எதுக்குடா மன்னிப்புக் கேட்கிறே," என்று சொல்லிவிட்டு அப்பா எழுந்து போய்விட்டார். அப்பா அப்படிப் பேசிக் கேட்டதே இல்லை. உலாருக்கு அடி வாங்கியிருந்தால் தேவலை போல இருந்தது.

*

மறுநாள் காலை ஜிபார் தண்ணீர்க் குழாயிலிருந்து காலி வாளியோடு திரும்பி வந்தாள்.

"உங்களை ஒண்ணு கேட்கணும். அந்தக் கடையில என்ன சொன்னீங்க? வார்த்தைக்கு வார்த்தை சொல்லுங்க."

உலார் சொன்னான். அப்பா பிள்ளைக்கு என்றது, நீலம், பையன் என்றது, சாகின் வந்தது, பெயர் தொக்தோசுன் என்றது, சுறுசுறுப்பு.

ஜிபார் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள். முதலில் சிரிப்பு வந்தது. சிரிப்பை அடக்க முக்காட்டை வாயில் திணித்துக்கொண்டாள். பிறகு சிரிப்பு போய்விட்டது.

"குழாயடியில எல்லாரும் என்னைக் கேட்கிறாங்க, உங்க மாமியாருக்கு எத்தனை மாசம்னு."

"என்ன?"

"என் பொண்ணைப் பையனாக்கி, அதை உங்கப்பாவுக்குக் குடுத்துட்டு வந்திருக்கீங்க."

உலாருக்கு ஒவ்வொன்றாகப் புரிந்தது. பெயர் தொக்தோசுன். தெரியுது. ஆட்டுக்குட்டி. அந்த ஆட்டுக்குட்டி, சாகினின் வாயை அடைக்கக் கொடுத்த விலை. தன் மகன் கிளப்பிவிட்ட பொய்க்கு அப்பா வாய் திறக்காமல் அபராதம் கட்டியிருக்கிறார். பேரப்பிள்ளை எடுத்த பிறகு மனைவியைப் பிள்ளைத்தாய்ச்சி ஆக்கியவர் என்று ஊர் சிரிக்கிறது. மகன் எதிரே வந்து நிற்க, 'வெட்கக்கேடாப் போச்சு' என்று அவர் சொன்னாரே, அந்தக் குரல். உலார் கொட்டில் சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டான்.

"வெள்ளிக்கிழமை மந்தை ஜைலூவுக்குக் கிளம்புறப்போ, பாலத்தடியில மந்தைத் தலைவரைத் தேர்ந்தெடுக்கிறாங்க," என்றாள் ஜிபார். "அப்பாவுக்குத்தான்னு பேச்சு. பன்னிரண்டு வருஷமாக் காத்துக்கிட்டிருக்காரு. பார்த்துச் சிரிக்கிற ஆளு பேச்சை, கணவாய்ல யாராவது கேட்பாங்களா? போய்ச் சரி பண்ணிட்டு வாங்க."

*

சாகின் மைதானத்தில் குதிரைக்கு லாடம் அடித்துக்கொண்டிருந்தான். சுற்றி அணிக்காரர்கள் ஆறேழு பேர். உலார் நேராகப் போய் நின்றான்.

"சாகின், நீ சொல்லிக்கிட்டுத் திரியுறது எதுவும் உண்மை இல்லை. அந்த வண்டி எங்கம்மாவுக்கு இல்லை."

சுத்தியல் நின்றது.

"அம்மாவுக்கு இல்லையா?" என்றான் சாகின்.

"இல்லவே இல்லை. எங்கம்மாவுக்கும் அந்தப் பிள்ளைக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. அம்மாவைப் பத்தி இனிமே யாரும் ஒரு வார்த்தை பேசக்கூடாது."

சாகின் மெதுவாகத் தொப்பியைக் கழற்றினான். சாவு வீட்டில் கழற்றுவது போலக் கழற்றினான்.

"எந்த ஊரு?" என்றான் தணிந்த குரலில்.

"எது எந்த ஊரு?"

"அந்தப் பொம்பளை."

"எந்தப் பொம்பளை?"

"சரிடா, சரி," என்று சாகின் எழுந்து அவன் தோளைப் பிடித்தான். கண் கலங்கியிருந்தது. "உன்னால சொல்ல முடியாது. எனக்குப் புரியுது. உங்கம்மா தங்கமானவங்க."

மத்தியானத்துக்குள் அந்தப் பெண் கணவாய்க்கு அப்பால் ஜும்கால் பக்கத்துக்காரி என்று ஆகியிருந்தது. சாயங்காலம் அவளுக்கு இருபத்தாறு வயது, கடை வைத்திருக்கிறாள். பெரியவர்களில் ஒருவர், 'சொந்த வீட்டையே ரெண்டு பட்டியாப் பிரிச்ச ஆளு, ஊர் மந்தையை எப்படி ஒண்ணாக் கொண்டுபோய்ச் சேர்ப்பாரு' என்று கேட்டதாக ஜிபார் வந்து சொன்னாள்.

பக்கத்து வீட்டுக்காரி ஒரு தட்டு நிறையப் பொரித்த மாவுத்துண்டுகளோடு வந்து, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "அனார்கான், நாங்க எல்லாம் உன் பக்கம்தான்," என்று சொல்லிவிட்டுப் போனாள். அம்மா தட்டை அப்படியே வைத்துவிட்டுச் சமையல் கொட்டகைக்குப் பின்னால் போனாள். உலார் எட்டிப் பார்த்தான். அம்மா முக்காட்டின் நுனியை முகத்தில் அழுத்திக்கொண்டு நின்றிருந்தாள். தோள் இரண்டும் குலுங்கிக்கொண்டிருந்தன.

இருபத்தைந்து வருடத்தில் அம்மா அழுது அவன் பார்த்ததில்லை. அவன் ஒரு வண்டி வாங்கப் போய், அதையும் பார்த்துவிட்டான்.

அன்று சாப்பாட்டில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அப்பா சூப்பைப் பார்த்துக் குடித்தார். அம்மா மாமிசத்தைத் தொடாமல் தட்டைத் தள்ளி வைத்தாள். உலார் வாயைத் திறக்கப் போனான். அப்பா உடனே, "உப்பு," என்றார். ஜிபார் உப்பை எடுத்துக் கொடுத்தாள். அதோடு பேச்சு முடிந்தது.

*

வெள்ளிக்கிழமை காலை உலார் மீசையைச் சீவி, கோக்போரு ஆட்டத்துக்குப் போடும் நல்ல பூட்ஸை மாட்டிக்கொண்டு, மகளை வண்டியில் படுக்கவைத்தான்.

ஜிபார் அவனைப் பார்த்தாள். "நான் தள்ளிட்டு வரேங்க. நீங்க குதிரையில வாங்க."

"நீ தள்ளினா யாரு பிள்ளைன்னு யாருக்குத் தெரியும்? மாமியார் பிள்ளையை மருமக தள்ளுறான்னு சொல்வாங்க. இல்லைன்னா ஜும்கால்காரி பிள்ளைன்னு சொல்வாங்க. நான்தான் தள்ளணும்."

"அப்பா முன்னாடியா?"

"அப்பா முன்னாடிதான்."

ஜிபார் குழந்தையின் தொப்பி நாடாவைக் கட்டிவிட்டாள். பிறகு, அவன் சட்டைக் காலரையும் சரிசெய்தாள்.

வீட்டிலிருந்து பாலத்துக்கு ஒரே தெரு. குதிரைமேலே இருந்து பார்த்தால் அது சின்னத் தெரு. வண்டியைத் தள்ளிக்கொண்டு நடக்கிறவனுக்கு அது முடிவதாக இல்லை. குதிரைக்காரனின் கால் நடப்பதற்கென்று வளைந்ததில்லை. இரண்டு அடிக்கு ஒரு முறை பூட்ஸ் நுனி அச்சில் இடித்தது. கைப்பிடியைக் கடிவாள வாரைப் பிடிப்பது போல இரண்டு விரலால் பிடித்திருந்தான். ஒரு கோழி குறுக்கே வந்தபோது பிரேக்கை மறந்து கைப்பிடியை இழுத்து, "தர்ர்ர்," என்றான். ஜன்னலில் யாரோ சிரித்தார்கள். மீரிம் மட்டும் சுகமாகத் தூங்கினாள்.

பாலத்தடியில் ஊரே இருந்தது. ஆடுகள், குதிரைகள், கூடாரச் சட்டங்கள் ஏற்றிய லாரி, குதிரைமேல் பெரியவர்கள். அப்பா ஒரு பக்கமாகத் தனியாக நின்றிருந்தார். அம்மா அவருக்குப் பின்னால், மூக்கு வரை முக்காடு. வழக்கமாக மந்தை கிளம்பும்போது இருக்கிற கூச்சல் இல்லை.

உலார் கூட்டத்தின் நடுவில் வண்டியை நிறுத்தினான். இந்தத் தடவை பிரேக் போட்டான். அப்பாவைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. பெரியவர் ஒருவரின் குதிரைக் காதைப் பார்த்துப் பேசினான்.

"இது என் பொண்ணு," என்றான்.

ஒரு கிழவர் தொண்டையைச் செருமினார். தன் அப்பா முன்னால் ஒருவன் இப்படிச் சொல்லி அவர்கள் கேட்டதில்லை.

"என் பொண்ணு மீரிம். வண்டி இவளுக்குத்தான் வாங்கினேன். கடையில கேட்டப்போ என் பொண்ணுன்னு சொல்ல வெட்கமா இருந்துச்சு, அப்பா பிள்ளைன்னு சொன்னேன். நீலக் கலரா இருக்கேன்னு பையன்னு சொன்னேன். சாகின் முன்னாடி நிக்க வெட்கப்பட்டு எல்லாத்துக்கும் ம் ம்னு சொன்னேன். அப்புறம் சரி பண்ணப் போய் இன்னும் கெடுத்தேன். ஜும்கால்ல யாரும் இல்லை. எங்கம்மாவைப் பத்திப் பேசினதும் பொய். எங்க வீட்டுல இருக்கிறது இந்த ஒரு குழந்தைதான். வேற எந்தக் குழந்தையும் வரலை, வரவும் போறதில்லை."

குனிந்து மகளைத் தூக்கிக்கொண்டான். எல்லோர் முன்னாலும், அப்பா முன்னாலும். அவள் கண் விழித்து, அவன் மீசையைப் பிடித்து இழுத்தாள். கூட்டத்தில் யாரோ ஒரு பெண் "அடி என் கண்ணே" என்றாள். அதோடு எல்லோருக்கும் மூச்சு வந்தது.

சாகின் தரையைப் பார்த்தான். "ஆட்டுக்குட்டியைத் திருப்பிக் கொண்டுவந்து விட்டுடுறேன் மாமா," என்று முணுமுணுத்தான்.

பெரியவர் தன் குதிரையை இரண்டு அடி முன்னால் நகர்த்தினார். "பேசினதுல எங்களுக்கும் பங்கு உண்டு. வெட்கப்பட வேண்டியவங்க நாங்கதான். தொக்தோசுன், மந்தை உன்னோடது. கூட்டிக்கிட்டுப் போ."

நான்கு நாளுக்குப் பிறகு உலாருக்கு நெஞ்சு லேசானது. இப்போது பார்க்கலாம் என்று அப்பாவை நிமிர்ந்து பார்த்தான்.

அப்பாவின் முகத்தில் நிம்மதி இல்லை. வெளுத்துப்போயிருந்தது. அவர் மகனைப் பார்க்கவில்லை, மனைவியைப் பார்த்தார். அம்மாவின் முக்காடு மூக்கிலிருந்து கண்வரை ஏறியிருந்தது.

அந்த நேரத்தில் மருத்துவ நிலையத்து நர்ஸ் குல்சாயிரா மேல் தெருவிலிருந்து மூச்சிரைக்க ஓடிவந்தாள். மந்தையோடு கொடுத்தனுப்பும் மருந்துப் பெட்டி ஒரு கையில், ஒரு சின்னக் காகிதப் பொட்டலம் இன்னொரு கையில். பெட்டியை லாரியில் வைத்துவிட்டு, பொட்டலத்தை அம்மாவின் கைக்குள் திணித்தாள்.

"மாத்திரையை விட்டுட்டு வந்துட்டீங்களே அக்கா. தினமும் ஒண்ணு, மறக்காம," என்றாள். பிறகு நீல வண்டியைப் பார்த்து முகம் மலர்ந்து, அதன் மூடியைச் செல்லமாகத் தட்டிவிட்டு உலாரிடம் சொன்னாள்.

"மேலே கல்லுல எல்லாம் ஓட்டி இப்பவே தேய்ச்சிராதே தம்பி, முதல் பனிக்குப் பிறக்கப்போற உன் தம்பிப் பாப்பாவுக்கும் இது வேணும்ல."